கர்ப்பத்தடைக் குளிசை: அட்டையின் இரண்டு முனைகளையும் கவனியுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு பாமசிக்குப் போய்க் கர்ப்பத்தடைக் குளிசை கேட்கும்போது, பின்னால் யாராவது தெரிந்த முகம் நிற்கிறதா என்பதில்தான் பாதிக் கவனம் இருக்கும். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே வந்துவிடுவோம். பல தவறுகள் அந்த அவசரத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

முதலாவது, பிறஷர் பார்க்காமல் தொடங்குவது. தினமும் போடும் கர்ப்பத்தடைக் குளிசை பெரும்பாலும் கலவைக் குளிசைதான்; அதில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் என்ற இரண்டு ஹோர்மோன்கள் உண்டு. இதில் ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தைச் சற்றுக் கூட்டும். ஆரோக்கியமான இளம் பெண்ணுக்கு அந்த ஆபத்து மிகச் சிறியது, கர்ப்பகாலத்தில் இருப்பதைவிடவும் குறைவு. ஆனால் பிறஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர், 35 வயதைத் தாண்டியும் சிகரெட் பிடிப்பவர், கண்முன் ஒளி மின்னிவிட்டு ஒற்றைத் தலையிடி வருபவர், முன்பு கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர், மார்புப் புற்றுநோயோ கடுமையான ஈரல் நோயோ உள்ளவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. பிள்ளை பெற்றவர்கள் முதல் 6 வாரம் தொடவே வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் 6 மாதம் வரை வேறு முறையைக் கேட்பது நல்லது. அக்காவுக்கு ஒத்துப்போன குளிசை தங்கைக்கும் ஒத்துப்போகும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. உங்கள் பகுதிக் குடும்பத் திட்டக் கிளினிக்கில் மிட்வைஃபிடம் கேட்டால் பிறஷரையும் பார்த்து, குளிசையையும் தருவார்கள். கூச்சத்தை ஒருநாள் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் மறதி. இதில் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் இருக்கிறது. இங்கே கிடைக்கும் மித்துரி போன்ற 28 குளிசை அட்டையில் 21தான் ஹோர்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அந்த 7 நாளில் ஒன்றைத் தவறவிட்டால் எதுவும் கெட்டுவிடாது. ஹோர்மோன் குளிசை ஒன்றை மறந்தாலும் பெரிய விஷயமில்லை: நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால்தான் சிக்கல். கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் உடனே போட்டு, மற்றவற்றை வீசிவிட்டு, அட்டையைத் தொடர வேண்டும். ஹோர்மோன் குளிசையை 7 நாள் விடாமல் போட்டு முடிக்கும்வரை ஆணுறை கட்டாயம். தவறியது எந்த வாரம் என்பதும் முக்கியம். இரும்புக் குளிசை போடும் நாட்களில் சூலகம் மெல்ல விழிக்கத் தொடங்கும். அந்த இடைவெளி 7 நாளைத் தாண்டினால் முட்டை வெளிவர வாய்ப்புண்டு. அதனால்தான் புது அட்டையைப் பிந்தித் தொடங்குவது நடுவில் ஒன்றை மறப்பதைவிட மோசம். வெள்ளிக்கிழமை அட்டை முடிந்து, 'திங்கள் வாங்கலாம்' என்று விடுவதுதான் பலர் கவனிக்காத பொறி. மூன்றாம் வாரத்தில் இரண்டு தவறினால், ஹோர்மோன் குளிசைகளை முடித்ததும் இரும்பை விட்டுவிட்டு நேரே அடுத்த அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் தவறி, முந்திய 5 நாளுக்குள் பாதுகாப்பில்லாத உறவும் இருந்திருந்தால் அவசரக் கர்ப்பத்தடை தேவையா என்று அன்றே கேளுங்கள். அந்த அவசரக் குளிசையையே மாதாமாதம் வழக்கமாக்குவது வேறொரு தவறு. அது தினக் குளிசை அளவுக்குக் காப்பாற்றாது.

குளிசை போட்டு 3 மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் சத்தியோ கடும் வயிற்றோட்டமோ நீடித்தால் இரண்டு குளிசை தவறியதாகவே எண்ணுங்கள்.

காய்ச்சலுக்கு எழுதித்தரும் அமொக்சிசிலின் போன்ற சாதாரண அன்டிபயோட்டிக் மருந்து, கர்ப்பத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்காது. சும்மா பயந்து நிறுத்த வேண்டாம். முக்கியமாகக் குறைப்பவை காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டொயின், கார்பமசெப்பின் போன்றவையும்தான். புது மருந்து எழுதும் எந்த டொக்டரிடமும் கர்ப்பத்தடைக் குளிசை எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கோவில் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போடக் கொடுக்கும் நொரெதிஸ்டெரோன் குளிசையையும் இதையும் குழப்புபவர்கள் உண்டு. அதைக் கர்ப்பத்தடையாக நம்ப முடியாது. ஏற்கெனவே கலவைக் குளிசை எடுப்பவர் இரும்புக் குளிசைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் பெரும்பாலும் அந்த மாத இரத்தப்போக்கே தள்ளிப்போய்விடும். அப்புறம் எதற்குத் தனி மருந்து?

முதல் மூன்று மாதம் இடையிடையே துளி இரத்தம், லேசான குமட்டல் வரலாம். அதற்காக நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீர் நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், இதுவரை காணாத கடும் தலையிடி, பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது, கடும் வயிற்று நோ போன்றவை வந்தால் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டாருக்கு முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால் டொக்டரிடம் தனியாகப் பேசக் கேட்கலாம், ஆனால் கர்ப்பத்தடைக் குளிசை எடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.