நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றால்: செய்யக் கூடாத தவறுகள்

முப்பது வயதுப் பெண்ணுக்கு நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. "டென்ஷன்தான், தானே சரியாகிவிடும்" என்று சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள். அதைக் கேட்டுக் காத்திருப்பதுதான் முதல் தவறு. இது 40 வயதுக்குள் சினைப்பை செயல் குன்றும் நோயாக இருக்கலாம்; அது நூறில் மூன்று, நான்கு பெண்களுக்கு நேர்கிறது என்கிறது 2024-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்.

முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்; சினைப்பை குன்றினால் இது கூடும்), ஈஸ்ட்ரடையால் (சினைப்பை சுரக்கும் ஹார்மோன்; குன்றினால் இது குறையும்) அளவுகளைப் பாருங்கள். பரிசோதனையே இல்லாமல் 'நீர்க்கட்டி' என்று முடிவுகட்டி, மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரை விழுங்குவது வேண்டாம். மாத்திரைக்குப் பின் உதிரம் பட்டதாலேயே சினைப்பை நன்றாக இயங்குகிறது என்று சொல்லிவிட முடியாது.

கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த எஃப்.எஸ்.ஹெச். அளவை நம்ப வேண்டாம்; மாத்திரை அதைக் குறைத்துக் காட்டும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. சில ஆய்வக முறைகளில் அது எஃப்.எஸ்.ஹெச்.-ஐ உள்ளதைவிடக் குறைவாகவும் ஈஸ்ட்ரடையாலைக் கூடுதலாகவும் காட்டி, நோயையே மறைத்துவிடலாம். ரத்தம் கொடுக்கும் முன் அவசியம் சொல்லுங்கள்.

ஏ.எம்.ஹெச். (சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளைக் கணிக்க உதவும் ஹார்மோன்) குறைவு என்ற ஒற்றைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழும் பெண்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதென்றால், அந்த எண் மட்டும் இந்த நோயைக் குறிக்காது. குறைந்தது நான்கு மாதம் மாதவிடாய் தவறி அல்லது ஒழுங்கற்று இருந்து, எஃப்.எஸ்.ஹெச். 25-க்கு மேல் இருந்தால்தான் நோய் உறுதியாகும். சந்தேகம் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருவது, 'ஹார்மோன் என்றால் புற்றுநோய்' என்று பயந்து, இந்த நோய்க்குத் தரும் ஹார்மோன் சிகிச்சையை மறுப்பது. அந்தப் பயத்தைப் பரப்பிய 2002-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63. இளம்பெண்ணுக்குக் கொடுப்பதோ உடல் ஐம்பது வயதுவரை தானே சுரந்திருக்க வேண்டிய ஹார்மோன். அது இல்லாவிட்டால் எலும்பு தேயும், இதயம் பாதிக்கப்படும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சை கருத்தடை ஆகாது. நோய் உறுதியான பிறகும் நூறில் ஐந்து பேர் அளவில் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். நோயின் காரணம் தேடும் குரோமோசோம் பரிசோதனையையும், எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளதா என்று பார்க்கும் பரிசோதனையையும் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்; மரபணு மாற்றம் தெரியவந்தால் அக்கா, தங்கைகளும் சோதித்துக்கொள்ளலாம்.