குதிரையைக் கறி வைத்த கதை

ஒரு மொழிபெயர்ப்பு நாவலுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிகாலை, பனி, லாயம். எசமான் கிளம்புவதற்குள் லாயக்காரன் 'குதிரையைக் கறி வைத்தான்' என்று இருந்தது. அடுத்த பத்தியில் எசமான் அதே குதிரையில் ஏறிப் போகிறார்! ஆங்கில மூலத்தைப் புரட்டினால், அங்கே 'கர்ரி' என்ற சொல்.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தெரியாத சொல்லுக்குத்தான் அகராதியைத் திறப்போம். கர்ரி யாருக்குத் தெரியாது? அங்கேதான் வழுக்குகிறது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதப்பட்டாலும் கர்ரி என்பது ஒரு சொல் அல்ல. குதிரைக்கான கர்ரி பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. சீர்படுத்து, தயார் செய் என்று பொருள். பல் வைத்த சீப்பால் குதிரையின் உடம்பைத் தேய்த்து, காய்ந்த சேற்றையும் உதிர்ந்த மயிரையும் எடுப்பதுதான் அது. பதனிட்ட தோலுக்கு மெருகேற்றுவதற்கும் இதே சொல்தான்; அந்த வேலையைச் செய்கிறவர் 'கர்ரியர்'. தபால் கொண்டுவரும் கூரியர் வேறு ஆள்.

அதே நாவலில் இன்னொரு இடத்தில், குமாஸ்தா ஒருவன் மேலதிகாரியிடம் 'கறி ஆதரவு' பெற்றிருந்தான். மூலத்தில் 'கர்ரி ஃபேவர்', அதாவது முகஸ்துதி செய்து சலுகை தேடுவது. இதன் கதை சுவையானது. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சில் எழுதப்பட்ட ஓர் அங்கதக் காவியத்தில் ஃபோவெல் என்றொரு குதிரை வருகிறது. வஞ்சகத்தின் உருவம் அது. அரசர்களும் போப்பாண்டவரும்கூட வரிசையில் வந்து அதற்குத் தேய்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தப் பெயர் 'ஃபேவல்' ஆனது. குதிரையை மறந்துபோன பிறகு, காதில் விழுந்ததை வைத்து 'ஃபேவர்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆக, மரபுத்தொடரே ஒரு தவறில் பிறந்ததுதான். நம்முடைய 'காக்காய் பிடிப்பது' நினைவுக்கு வரவில்லையா? கால் கை பிடிப்பதுதான் காக்காய் ஆனது என்பார்கள். அங்கே குதிரைக்குத் தேய்த்தார்கள், இங்கே காலைப் பிடித்தோம். குமாஸ்தாவுக்கு நான் அதையே போட்டேன்.

சரி, சாப்பாட்டுக் கர்ரிக்கு வருவோம். இங்கிலாந்தில் சுமார் 1390இல், இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்புகளுக்கு 'தி ஃபார்ம் ஆஃப் கரி' என்று பெயர். இதைக் காட்டி, கர்ரி ஆங்கிலேயரின் சொந்தச் சொல் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஏமாற வேண்டாம்; அந்தக் 'கரி'க்குச் சமையல் என்று மட்டுமே பொருள், அதுவும் பிரெஞ்சு வழி வந்தது. உணவான கர்ரி நம் 'கறி'யிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் 'இந்திய முறையில் கர்ரி' இருக்கிறது. கொத்தமல்லி விதையைச் சுத்தமான கரண்டியில், அதாவது அடுப்புக்கரி அள்ளும் மண்வெட்டி போன்ற ஒன்றில், வறுத்து இடிக்கச் சொல்கிறார். 30 மிளகு உண்டு. மஞ்சளும் இல்லை, மிளகாயும் இல்லை.

அதற்காக, கர்ரி என்று கண்ட இடமெல்லாம் கறி என்று எழுதிவிடவும் கூடாது. நானே ஒருமுறை ஒரு சைவ உணவகத்தின் மெனுவில் 'காய்கறி கறி' என்று எழுதிக் கொடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தமிழ்நாட்டில் பலருக்குக் கறி என்றால் இறைச்சிதான். கறிக்கடை என்றால் கத்தரிக்காய் கிடைக்காது. யாழ்ப்பாணத்திலோ பருப்பும் கறி, மீனும் கறி. குழம்பா, கூட்டா, பொரியலா என்று பார்த்து எழுதுவதுதான் உத்தமம். சங்ககாலத்துக்குப் போனால் இன்னும் சிக்கல். முசிறியில் யவனர் கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு. பொன்னைக் கொடுத்து அவர்கள் ஏற்றிப்போனது ஆட்டுக்கறி அல்ல, மிளகு.

அப்புறம், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. நாற்றங்கால்களில் 'கர்ரி செடி' என்று சாம்பல் பூத்த, ஊசி போன்ற இலையோடு ஒரு தொட்டி வைத்திருப்பார்கள். வாசனையால் வந்த பெயர்தான் அது. கறிவேப்பிலை என்று நினைத்துத் தாளிக்க வாங்கிவிடாதீர்கள்.

கணினிக்காரர்களின் 'கர்ரியிங்'கிலும் மசாலா தேட வேண்டாம். பல உள்ளீடுகள் கேட்கும் ஒரு ஃபங்ஷனை (உள்ளீடு வாங்கி விடை தரும் நிரல் துண்டு), ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வாங்கும் ஃபங்ஷன்களின் சங்கிலியாக மாற்றுவது அது. ஹாஸ்கெல் கர்ரி என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் பெயரால் வழங்குகிறது. ஆனால் 1924ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே மோசஸ் ஷோன்ஃபிங்கெல் என்ற தர்க்கவியல் அறிஞர் அந்த உத்தியைக் கையாண்டிருந்தார். ஷோன்ஃபிங்கெலிங் என்று சொல்ல நாக்கு ஒத்துழைத்திருந்தால் இந்தக் குழப்பமாவது மிஞ்சியிருக்காது.