மறுத்தார் என்றால், எதை மறுத்தார்?

கொழும்பு, புதுக்கடை நீதிமன்றப் பக்கம் மொழிபெயர்ப்புப் பழக வரும் பிள்ளைகளின் பிரதிகளைத் திருத்தினால், என் பழைய பிழைகளே திரும்பி வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழைகளுக்குக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுவிடும், அதை விடுவோம். 'மறுத்தார்' என்பதை ஆங்கிலமாக்கும்போது வரும் பிழைகளே இங்கே.

'மறுத்தார்' என்றதும் 'டினை' (deny) போடுவது

தமிழில் 'மறு' இரண்டு வேலை பார்க்கிறது. செய்யமாட்டேன் என்பதும் மறுப்புத்தான், செய்யவே இல்லை என்பதும் மறுப்புத்தான். ஆங்கிலத்தில் முதலாவது ரெஃபியூஸ் (refuse), மற்றது டினை.

தொழிலுக்கு வந்த புதிதில், வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த ஒருவர் ஆங்கிலமாக்கக் கடிதமொன்று கொண்டுவந்தார். வீட்டுக்காரர் அவரை எழுப்பப் பார்க்கிறார். காசை நீட்டினாலும் வாங்குவதில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் நிலுவையும் ஒருவரை எழுப்பக் காரணமாகும். வாங்கிவிட்டால் நிலுவை எங்கே?

கடிதத்தில் இருந்தது 'வாடகையை வாங்க மறுத்தார்'. நான் டினை போட்டேன். வாக்கியம் இடறியது. உடனே 'டினைட் அக்செப்டிங்' என்று செப்பனிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது பொருள் என்ன? வாடகை கைக்கு வரவேயில்லை என்று வீட்டுக்காரர் சாதிக்கிறாராம். அப்படியென்றால் இவர் கொடுத்ததாகச் சொல்கிறார்! எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டது ஒன்றுதான்: "ரசீது எங்கே?" கொடுபடாத காசுக்கு ரசீதுக்கு எங்கே போவது? இன்னொரு மொழிபெயர்ப்பு, இன்னொரு தவணை, இன்னொரு கட்டணம். அந்த மனிதர் என்னைத் திட்டக்கூட இல்லை. "தம்பி, வாங்கமாட்டன் எண்டவர் எண்டுதானே எழுதினனான்" என்றார். திட்டியிருக்கலாம்.

'மறுத்தார்' என்பதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். 'வாங்க', 'பேச', 'கையெழுத்துப் போட' என்றிருந்தால் ரெஃபியூஸ். 'வாங்கியதை', 'பேசியதை' என்று நடந்ததைச் சொல்லும் வினையில் ஐ உருபு ஏறியிருந்தால் டினை. தமிழ் தெளிவாகவே சொல்கிறது. நாங்கள்தான் பார்க்காமல் அகராதிக்கு ஓடுகிறோம்.

பிணைக்கும் அதே விதி என்பது

'பிணை மறுக்கப்பட்டது' என்பதற்கு இரண்டு சொல்லுமே பொருந்தும். கேட்டதைக் கொடுக்காமல் விடுவதற்கும் டினை உண்டு. இங்கே விதியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

'அமைச்சர் மறுப்பு'

முன்னால் வினையே இல்லை; செய்யமாட்டேன் என்றாரா, செய்யவில்லை என்றாரா? செய்தியை முழுதாக வாசிக்காமல் தலைப்பைத் தொடாதீர்கள்.

நடுவில் 'ரிஜெக்ட்' (reject) போடுவது

அது நிராகரிப்பு. வேறு கடை.