கடை விளையாட்டில் வாடிக்கையாளர் ஒன்று கேட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடை நடத்தும் விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பொறுமைக்கு நல்ல சோதனை. போன மாதம் முழுக்க அக்கா மகன் ரெசெட்டியர் ஆடுவதைப் பார்த்தேன். ஒரு காலத்தில் நான் செய்த அதே கூத்து, அதே வரிசையில். விலையில் ஒரு சைபர் விட்டுப்போவது, சேமிக்காமல் மூடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டாலே போதும். வாடிக்கையாளர் கடைக்குள் வந்து ‘எனக்கு இது வேண்டும்’ என்று கேட்கும் இடத்தில் நடக்கும் தவறுகள்தான் பணத்தைத் தின்கின்றன.

பலருக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்காது என்பதால் ஒரு வரி. ரெசெட்டியர் ஜப்பானில் 2007இல் வந்தது, ஆங்கிலத்தில் 2010இல். அப்பா வைத்துவிட்டுப் போன கடனை ரெசெட் என்ற சிறுமி பொருள் கடை வைத்து அடைக்க வேண்டும். வாரத் தவணைகள் 10,000, 30,000, 80,000, 2,00,000, 5,00,000 பிக்ஸ் (விளையாட்டின் நாணயம்). மொத்தம் 8,20,000. கடைசி வாரத்தில் மட்டும் பாதிக்கு மேல் கட்ட வேண்டியிருப்பதைக் கவனியுங்கள்.

கேட்டவுடன் விலை உயர்ந்ததை நீட்டுவது

சிலர் அலமாரியிலிருந்து தாங்களே எடுத்து வருவார்கள். சிலர் வகையை மட்டும் சொல்லிவிட்டு நம்மையே எடுத்துத் தரச் சொல்வார்கள். ‘ஒரு மோதிரம் கொடுங்கள்’ என்று சின்னப் பெண் ஒருத்தி கேட்டதும் இருப்பதிலேயே பளபளப்பான மோதிரத்தை எடுத்து வைப்பார்கள் நம் ஆட்கள். அவள் கையில் இருக்கும் காசு அவ்வளவுதான். அதன்பின் எவ்வளவு பேரம் பேசினாலும் அந்த விலைக்கு அவளால் வர முடியாது. வெறுங்கையோடு போய்விடுவாள். ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். வாள்வீரன் லூயியும் ஆரம்பத்தில் அதே நிலைதான், வாய் பெரிசு, பை சிறிசு. ஒருவருக்குத் தொடர்ந்து நன்றாக விற்றால் அவர் செலவழிக்கும் அளவும் நாளாக ஆகக் கூடும் என்பதால், முதல் வாரத்து மலிவான மோதிரம் வீண் இல்லை.

ஆர்டரை வாங்கிக்கொண்டு அதே சரக்கை இன்னொருவருக்கு விற்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடைக்காரராக நிலை ஏறிய பிறகு முன்கூட்டியே ஆர்டர் வரத் தொடங்கும். இன்ன வகைப் பொருள் இத்தனை, இன்ன நாளில் வேண்டும் என்பார்கள். அக்கா மகனிடம் ஒரு பெரியவர் வந்து மூன்று தொப்பி கேட்டார், நாளை மறுநாளைக்கு. பையில் சரியாக மூன்று தொப்பி இருந்தது. ‘சரி’ சொல்லிவிட்டான். அடுத்த முறை கடை திறந்தபோது ஒரு பெண்மணி வந்து தொப்பி கேட்டார். நல்ல விலை. ஒன்றைக் கொடுத்தான். பின்னாலேயே இன்னொருவர், இன்னொரு தொப்பி.

“டேய், அது அந்தத் தாத்தாவுக்கு வெச்சதுடா.”

“நாளைக்கு வாங்கிக்கலாம் மாமா, சங்கத்துலதான் கிடைக்குதே.”

விளையாட்டு இதைத் தடுக்காது. ஆர்டர் எடுத்த சரக்கைத் தனியாகப் பூட்டி வைக்காது, எச்சரிக்கையும் தராது. பையில் உள்ள எதையும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கலாம். அலமாரியில் வைத்தாலோ இன்னும் மோசம், யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

மறுநாள் தொப்பிக்கு விலை ஏறியதாகச் செய்தி வந்தது. சந்தை விலை ஏறினால் நாம் விற்கும் விலை மட்டும் ஏறுவதில்லை, வணிகர் சங்கத்தில் நாம் வாங்கும் விலையும் கூடவே ஏறும். முந்தின நாள் ‘நல்ல விலை’ என்று விற்ற தொப்பியை அதைவிட அதிகம் கொடுத்து வாங்க வேண்டிய நிலை. அதையும் வாங்கினான். ஆனால் ஆர்டர் நாளன்று காலையில் கடையை ஒருமுறை திறந்து மூடிவிட்டுப் அரக்கர்களோடு சண்டையிட்டுச் சரக்கு சேர்க்கும் நிலவறைக்குப் போகலாம் என்று முதலில் போட்ட திட்டத்தை மாற்றி, எழுந்ததும் நேராக நிலவறைக்கே கிளம்பினான். ஒரு நாளைக்கு நான்கு வேளை. கடை திறந்தால் ஒரு வேளை போகும், நிலவறை இரண்டை விழுங்கும். மீதி இருந்த நேரத்தையும் அங்கே இங்கே சுற்றிக் கழித்துவிட்டான். தொப்பி மூன்றும் பையில் பத்திரமாக இருக்கின்றன, கடை மட்டும் அன்று திறக்கவே இல்லை.

இதில் போனது தொப்பி லாபம் மட்டுமல்ல. ஏமாந்த வாடிக்கையாளரின் நல்லெண்ணமும் போனது. பொருளாகத் தேங்கிய பணத்தைத் தவணை நாளுக்குள் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. தவணை தவறினால் கடையே கைவிட்டுப் போய் மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளப்படுவோம்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். ஆர்டர் வந்ததும் நாளையும் எண்ணிக்கையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் தவிர அந்த வகையை அலமாரியில் வைக்காதீர்கள். அந்த நாளில் வேறு எதுவும் செய்வதற்கு முன் கடையைத் திறங்கள். சங்கத்துக்கும் சந்தைக்கும் போய்வர நேரம் செலவாகாது என்பதால், குறையும் சரக்கை முன்னதாகவே விலை பார்த்து வாங்கி வைக்கலாம். ஆர்டர் நாளுக்கும் தவணை நாளுக்கும் இடையே இடைவெளி குறைவாக இருந்தால், கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே ஒத்துக்கொள்ளுங்கள்.

2018இல் வந்த மூன்லைட்டர் என்ற இன்னொரு கடை விளையாட்டிலும் இதே கதை உண்டு. கடையைப் பெரிதாக்கிய பின் சிலர் இன்ன பொருள் இத்தனை, இத்தனை நாளுக்குள் என்று கேட்பார்கள், வழக்கத்தைவிட நல்ல பணம் தருவார்கள். அங்கே பெட்டி இருக்கிறது, சரக்கை அதில் போட்டு மூடிவிடலாம். அப்படியும் அதை விற்பனை மேசைக்கு எடுத்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

எல்லா ஆர்டருக்கும் தலையாட்டுவது

வேண்டாம்.

முதல் விலையிலேயே உறிஞ்சப் பார்ப்பது

ரெசெட்டியரில் பேரம் இல்லாமல் முதல் விலைக்கே வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டால் கூடுதல் அனுபவப் புள்ளி கிடைக்கும். அடுத்தடுத்து அப்படியே விற்றால் அது பெருகிக்கொண்டே போகும். அடிப்படை விலைக்குச் சற்று மேலே வைத்து மளமளவென்று விற்பவர், ஒவ்வொருவரிடமும் கடைசிக் காசு வரை இழுப்பவரைவிடச் சீக்கிரம் நிலை ஏறுவார். விதிவிலக்கு அலுவெட் போன்ற பணக்காரி. அவளிடம் தாராளமாகக் கேளுங்கள், குற்றமில்லை.

சோக முகத்தை லாபம் என்று எண்ணுவது

மூன்லைட்டரில் முகம் வாடினாலும் வாங்கிவிடுவார்கள், ஆனால் அந்தப் பொருளின் மவுசு இறங்கும். ஒரு படி விலையைக் குறையுங்கள்.

அவசரம் இல்லாத இடத்தில் அவசரப்படுவது

மருந்து காய்ச்சி விற்கும் போஷன் கிராஃப்ட் விளையாட்டில் வாடிக்கையாளர் மருந்தின் பெயரைச் சொல்லமாட்டார், தன் சங்கடத்தை மட்டும் சொல்வார். நாம்தான் ஊகிக்க வேண்டும். ரெசெட்டியரின் வேளைக் கணக்கில் பழகியவர்கள் இங்கே வந்ததும், அலமாரியில் கைக்குக் கிடைத்த வலுக்குறைந்த குப்பியை எடுத்துத் தராசில் வைத்துவிடுவார்கள். விளைவு சரியாக இருந்தால் வாங்கிக்கொள்வார், விலை மட்டும் குறையும். அவர் எங்கும் ஓடிவிடப்போவதில்லை. உள்ளே போய்ப் புதிதாக, அதே விளைவை வலுவாகக் காய்ச்சி எடுத்து வரும்வரை அங்கேயே நிற்பார்.