சாக்ஸபோன் நோட்டில் மாற்று விரலும் ஸ்கூப்பும் எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டையில் எங்கள் கேரல் குழுவுக்காக இரண்டு ஆல்டோ சாக்ஸுக்கு ஜாஸ் பாணியில் ஒரே வரியை எழுதிக் கொடுத்தேன். பி ஃப்ளாட் வந்ததும் ஒரு தம்பி பிஸ் கீயில் (இடது ஆள்காட்டி விரலே சேர்த்து அழுத்தும் சிறு கீ) பிடித்தான், மற்றவன் சைடு கீயில் (வலது கையின் பக்கவாட்டில் படும் கீ) பிடித்தான். அடுத்து உடனே அரைச் சுரம் மேலே, பி நேச்சுரல். பிஸ் பிடித்தவன் ஆள்காட்டி விரலை நகர்த்துவதற்குள் மற்றவன் அந்த சுரத்தைத் தாண்டிவிட்டான். "அண்ணே, இங்க எந்த விரலு?" என்று கேட்டார்கள். அதைத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முதலில் விரல்களுக்கு எண் கொடுங்கள். இடது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் 1 2 3. வலது கையில் 4 5 6. நடுவில் ஒரு கோடு. ஏ என்றால் 1 2, ஜி என்றால் 1 2 3, டி என்றால் 1 2 3 | 4 5 6. மற்ற கீகளை பிஸ், சைடு, பாம் (இடது உள்ளங்கையால் அழுத்துபவை) என்று பெயராலேயே எழுதினால் போதும். (இங்கே சொல்வதெல்லாம் சாக்ஸ் தாளில் உள்ள சுரங்கள். ஆல்டோவில் எழுதிய சி, கீபோர்டில் ஈ ஃப்ளாட்.)

அப்புறம், எல்லா சுரத்துக்கும் எண் போடாதீர்கள், தாள் கண்ணைக் கட்டும். குழப்பம் வரும் இடத்தில் மட்டும் போடுங்கள். பி ஃப்ளாட்டிலிருந்து நேராக பி நேச்சுரலுக்குப் போனால் மேலே "சைடு". ஃப்ளாட் ஸ்கேலில் பி நேச்சுரலே வராவிட்டால் "பிஸ்".

ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப நிறம் மாற்றி வாசிப்பது ஜாஸில் தனி அழகு, அமெரிக்க ஜாஸ் சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங் இதில் பெயர் பெற்றவர். நடு சி-யை முதலில் வழக்கமான 2-ஆம் விரலால் ஊதுங்கள். பிறகு கீழ் சி-க்கான விரல்களை எல்லாம் மூடி ஆக்டேவ் கீயோடு (ஒரு ஸ்தாயி மேலே தூக்கும் கீ) ஊதுங்கள். சுரம் அதேதான், குரல் மட்டும் அடைத்தாற்போல் வரும். வழக்கமான விரலுக்கு மேலே சிறு வட்டம், மாற்று விரலுக்கு + குறி. முதல் + குறிக்கு அருகே விரல் எண்களையும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க் காதுக்கு, கீழிருந்து வழுக்கி ஒரு சுரத்தில் ஏறுவது புதிதில்லை. ஜாஸில் அதுபோன்ற ஒன்றுக்கு ஸ்கூப் என்று பெயர். சுரத்துக்கு முன்னால் கீழிருந்து வரும் சிறு வளைகோடு. மேலிருந்து வந்து விழுந்தால் பிளாப். சுரத்துக்குப் பின்னால் கோடு கீழே போனால் ஃபால், மேலே போனால் டாய்ட். நோட்டு எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் இந்த நான்கும் தயாராகவே இருக்கின்றன, சுரத்தைத் தேர்ந்தெடுத்துக் குறியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஃபால் சட்டென்று விழ வேண்டுமா, இரண்டு பீட் இழுபட வேண்டுமா என்பதைக் கோட்டின் நீளத்திலேயே காட்டுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு இடத்தில் முடிப்பார்கள்.

தொண்டையில் முனகிக்கொண்டே ஊதும் கிரௌலுக்கு அந்தச் சொல்லையே எழுதி, முடியும் இடம்வரை புள்ளிக்கோடு இழுங்கள். பாதி விழுங்கிய கோஸ்ட் நோட்டுக்கு வட்டத் தலைக்குப் பதில் பெருக்கல் குறி.

எழுதி முடித்ததும், பாட்டையே கேட்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அங்கே இன்னும் ஒரு குறி வேண்டும்.