தார்ப்பாய் எட்டவில்லை

கஜா புயலுக்குப் பிறகு, 2018 டிசம்பரில், வேதாரண்யம் பக்கம் தற்காலிகக் கூடாரம் போட ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் குழாய்களால் ஆன ஒரு வளைவுச் சட்டகம் வரைந்தேன். திரையில் அழகு. தரையில் நட்டால் தார்ப்பாய் இருபுறமும் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. வாடைக்காற்று உள்ளே புகுந்து பட்பட்டென்று அடித்தது.

தப்பு என்னுடையதுதான். குழாயை முதலில் வரைந்து, பாயை அதன்மேல் போர்த்தியிருந்தேன். நிவாரணப் பாயோ 4×6 மீட்டர். நமக்காக அது நீளுமா?

ரைனோவுக்குள் அளவுகளைக் கணக்கிட்டு வடிவம் போடும் கருவியான கிராஸ்ஹாப்பரில், பாயிலிருந்து தொடங்கிக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். 6 மீட்டரில் இருபுறமும் 30 செ.மீ. மண்ணில் புதைய வேண்டும். மீதி 5.4 மீட்டரை அரைவட்டமாக வளைத்தால் அகலம் சுமார் 3.4, நடு உயரம் 1.7. நீளம் 4. மொத்தம் 14 சதுர மீட்டர்கூட வரவில்லை. பேரிடர் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கேட்கிறது, நாலு பேருக்கே இடிக்கிறது. ஐந்து பேர் என்றால் இரண்டாவது பாய் கட்டாயம்.

இரண்டையும் 30 செ.மீ. மேல்படிய விட்டு, காற்று வரும் பக்கத்துப் பாய் மேலே இருக்கும்படி கட்டினோம். ஓரம் மண்ணுக்குள் போனது. சத்தம் நின்றது.

பக்கத்து வீட்டு ஆயா குனிந்து எட்டிப் பார்த்து, "அடுப்ப எங்க தம்பி வைக்கிறது?" என்றார். அதை நான் வரையவே இல்லை.