மூன்றாம் ருத்ரசிம்மனின் வெள்ளிக்காசை அடையாளம் காண்பது எப்படி

மேற்கு சத்ரபர் (‘சத்ரபர்’ என்பது ஆளுநரைக் குறிக்கும் பட்டம்) மரபின் கடைசி அரசன் மூன்றாம் ருத்ரசிம்மன். குஜராத்தையும் மாளவத்தையும் சுமார் முந்நூறு ஆண்டுகள் ஆண்ட, நடு ஆசியாவிலிருந்து வந்த சகர் மரபு இவனோடு முடிகிறது. இவனைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் அவன் அடித்த சிறு வெள்ளிக்காசுகளிலிருந்து கிடைத்தவை. அதனால் ஒரு காசைத் தவறாகப் படித்தால் வரலாற்றிலும் தவறு ஏறிவிடும். இதே மரபில் ருத்ரசிம்மன் என்ற பெயரில் மூவர் இருந்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து யார் என்று சொல்ல முடியாது. தந்தை பெயரும் ஆண்டும்தான் தீர்ப்பு.

வேண்டியவை: பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு விளக்கு, கைப்பேசி கேமரா. காசைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். எலுமிச்சை, புளி, பற்பசை எதுவும் ஆகாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான மரக்குச்சியால் தள்ளிவிட்டால் போதும். அமிலம் பட்டால் முதலில் கரைவது மெல்லிய எழுத்துக் கோடுகள்தான். நமக்கு வேண்டியவையும் அவையே.

முதலில் எடை போடுங்கள். இந்த வகைக் காசு சுமார் 2 முதல் 2.4 கிராம் வரை இருக்கும். குறுக்களவு ஏறத்தாழ 14 முதல் 16 மில்லிமீட்டர். முன்பக்கம் வலப்புறம் பார்க்கும் மீசை வைத்த அரசனின் தலை. சுற்றிலும் கிரேக்க எழுத்து மாதிரி சில வட்டங்களும் கோடுகளும் தெரியும். முதல் சத்ரபர் காலத்தில் படிக்க முடிந்த கிரேக்கம், இந்தக் காலத்தில் வெறும் அலங்காரமாகிவிட்டது. அதைப் படிக்க நேரம் செலவிட வேண்டாம். பின்பக்க நடுவில் மூன்று வளைவு கொண்ட குன்று, அதன் உச்சியில் பிறை, கீழே நெளிகோடாக ஆறு, மேலே ஒரு பக்கம் பிறைநிலா, மறுபக்கம் புள்ளிகளால் ஆன சூரியன். இவற்றைச் சுற்றி பழைய இந்திய எழுத்தான பிராமியில் வாசகம்.

நடுவில் குன்றுக்குப் பதில் கருடன் இருந்தால் அது இரண்டாம் சந்திரகுப்தனின் காசாகவோ அவனுக்குப் பிந்தைய குப்தர் காசாகவோ இருக்கலாம். சத்ரபர் நாட்டை வென்றவர்கள் அவர்கள் காசின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு குன்றை மட்டும் மாற்றினார்கள். குன்று இருந்தாலே சத்ரபர் காசு என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். மேற்கு இந்தியாவில் 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட திரைகூடகர் என்ற மரபினரும் இதே குன்றைப் போட்டார்கள். அவர்கள் வாசகத்தில் ‘மஹாராஜ’ வரும், ‘மஹாக்ஷத்ரப’ வராது.

இனி வாசகம். முழுமையாகப் பதிந்த காசில் இருக்க வேண்டியது இது: ‘ராஜ்ஞோ மஹாக்ஷத்ரபஸ ஸ்வாமி ஸத்யஸிஹபுத்ரஸ ராஜ்ஞோ மஹாக்ஷத்ரபஸ ஸ்வாமி ருத்ரஸிஹஸ’. அதாவது, அரசன் மகாசத்ரபன் ஸ்வாமி சத்தியசிம்மனின் மகன், அரசன் மகாசத்ரபன் ஸ்வாமி ருத்ரசிம்மனுடையது. பாதி வாசகம் இரு முறை வருவதால் எங்கே தொடங்குவது என்று தடுமாற வேண்டியிருக்கும். காசைப் படம் எடுத்து, திரையில் கடிகாரச் சுற்றில் மெல்லத் திருப்பிக்கொண்டே ‘புத்ரஸ’ என்ற மூன்று எழுத்தைத் தேடுங்கள். அதற்கு முன்னால் இருப்பது தந்தை, பின்னால் வருவது மகன். தமிழ்ப் பிராமி பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘த்ர’, ‘க்ஷ’, ‘ஜ்ஞ’ போன்றவை இங்கே கூட்டெழுத்துகளாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கி வரும், ‘ர’ நேர்கோடாக நில்லாமல் அடியில் வளைந்திருக்கும்.

அதிகம் சறுக்கும் இடம் ‘ருத்ரஸிஹ’வும் ‘ருத்ரஸேந’வும். அச்சு பெரிது, காசுத்தகடு சிறிது. அதனால் எழுத்தின் உயிர்க்குறிகள் பல நேரம் விளிம்புக்கு வெளியே போய்விடும். ‘ஸி’யா ‘ஸே’யா என்று தெரியாமல் வெறும் ‘ஸ’ மட்டும் மிஞ்சும். அப்போது அடுத்த எழுத்து ‘ஹ’வா ‘ந’வா என்று பாருங்கள். ‘ந’ என்றால் அது ருத்ரசேனன். மூன்றாம் ருத்ரசேனனின் கடைசி ஆண்டுகளும் நான்காம் ருத்ரசேனனின் ஆட்சியும் சக ஆண்டு (பொது ஆண்டு 78இல் தொடங்கும் கணக்கு) 300ஐ ஒட்டியே வருவதால், ஆண்டை மட்டும் வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது. ‘புத்ரஸ’வே இல்லாமல் சகோதரி மகன் என்று பொருள்படும் சொல் வந்தால் அது சிம்மசேனனின் காசு, அவன் மூன்றாம் ருத்ரசேனனின் மருமகன்.

தந்தை பெயரால் மூன்று ருத்ரசிம்மன்களும் தெளிவாகப் பிரிந்துவிடுவார்கள். முதலாமவனின் தந்தை ருத்ரதாமன். இரண்டாமவனின் தந்தை ஸ்வாமி ஜீவதாமன். அந்தக் காசில் மகனுக்கு வெறும் ‘க்ஷத்ரப’ பட்டம்தான். மூன்றாமவனின் தந்தை சத்தியசிம்மன். சத்தியசிம்மன் அடித்த காசு எதுவும் கிடைத்ததில்லை. மகன் காசில்தான் அவன் பெயரே வாழ்கிறது. ஆகவே ‘ஸத்யஸிஹ’ என்று தெளிவாகப் படிந்த ஒரு காசு, அரசன் தலை தேய்ந்திருந்தாலும், என் கணிப்பில் அழகான காசைவிட மதிப்பு மிக்கது.

தந்தை பெயர் அழிந்துபோயிருந்தால் முன்பக்கம் அரசன் தலைக்குப் பின்னால், இடது விளிம்பை ஒட்டிப் பாருங்கள். அங்கே சக ஆண்டு இருக்கும். இது இடமதிப்பு எண்முறை அல்ல, சுழியம் கிடையாது. நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி, ஒன்றுகளுக்கு ஒரு குறி என்று அடுத்தடுத்து எழுதுவார்கள். நூறின் குறி தனியாக இருந்தால் 100, பக்கத்தில் ஒரு சிறு கோடு சேர்ந்தால் 200, இரண்டு கோடு சேர்ந்தால் 300. முதல் ருத்ரசிம்மன் 100களில், இரண்டாமவன் 200களில், மூன்றாமவன் 300களில் வருகிறான். இரண்டு சின்னக் கோடுகள் ஒரு மரபின் முடிவைச் சொல்கின்றன. விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து, காசைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பிப் பார்த்தால்தான் அவை நிழலோடு எழும்.

சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் பொது ஆண்டு வரும். விஜயநகரக் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் சகாப்தம் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்குதான். 310 என்றால் 388–389. 310க்குப் பின் ஒன்றுகளின் குறி எங்கே என்று தேடுங்கள்: 1, 2, 3 கிடைக்கோடுகள், 4 முதல் தனிக்குறிகள். அந்தக் குறி வெட்டுப்பட்டிருந்தால் ‘31[.]’ என்று மட்டும் எழுதுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். குப்தர்கள் இந்தப் பகுதியில் அடித்த வெள்ளிக்காசுகள் குப்த ஆண்டு 90களில், அதாவது 409க்குப் பின் தொடங்குகின்றன. நடுவில் உள்ள இருபது ஆண்டில் மரபு எப்போது முடிந்தது என்பதற்கு அந்த ஒன்றுகளின் எண்தான் சாட்சி.

போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு, பரப்பில் நுண்குழிகள், மழுங்கிய எழுத்து, ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு காசுகள் ஆகியவை அடையாளம். நிஜக் காசில் வேறு வேலையும் செய்வார்கள்: 200ஐ 300 ஆக்க, சுற்றியுள்ள உலோகத்தைச் சுரண்டி ஒரு கோட்டை எழுப்புவார்கள். அந்த இடம் மட்டும் பள்ளமாகவும் பளபளப்பாகவும் லென்ஸில் தெரியும்.

பதிவில் எடை, குறுக்களவு, இரு பக்கப் படம், படித்த எழுத்து, படிக்காத எழுத்துக்கு சதுர அடைப்பு ஆகியவை இருக்கட்டும். நிலத்தில் கிடைத்த காசு என்றால் 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். குவியலாகக் கிடைத்தால் பங்கு பிரிக்க விடாதீர்கள். எந்த அரசன் காசோடு எந்த அரசன் காசு கிடந்தது என்ற செய்தி ஒரு முறை போனால் திரும்பாது. நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.